ஒரு வழி திறந்தால் இன்னொன்று மூடும்

என் புருஷனைப் பார்க்க ஏக்கமாக இருக்கிறது என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அவன் வளைகுடாவில் இல்லை, கப்பலிலும் இல்லை. அண்ணனூரில், நான் இருக்கும் அதே இரண்டு அறை வீட்டில், அதே கட்டிலில்தான் இருக்கிறான். சுவர்ப் பக்கம் எனக்கு, வாசல் பக்கம் அவனுக்கு, நடுவில் மகள். விடியும் முன் நான் எழுந்து பார்க்கும்போது வாயைத் திறந்துகொண்டு தூங்குவான். அவன் வேலை முடிந்து வந்து பார்க்கும்போது நானும் அப்படித்தான் தூங்குகிறேனாம். நான் வாயைத் திறந்து தூங்குகிறவளே இல்லை என்று எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை. அந்த நேரத்தில் விழித்திருக்கிற ஒரே சாட்சி அவன்தான், என்ன செய்வது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் வேலை பார்க்கிறேன். அங்கே இருக்கிற கம்ப்யூட்டர்களையும் மெஷின்களையும் இணைக்கிற நெட்வொர்க் என் பொறுப்பு. எனக்குக் காலை ஷிப்ட். அவனுக்கு அண்ணனூரிலேயே, மின்சார ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பணிமனையில் மாலை ஷிப்ட். மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். அவளை எழுப்பி, குளிப்பாட்டி, ஜடை பின்னி, பள்ளியில் விட்டு, மதியம் கூட்டி வருவது அவன். அவன் பின்னுகிற ஜடையில் ஒன்று காதுக்கு மேலேயும் ஒன்று காதுக்குக் கீழேயும் இருக்கும். சாயங்காலத்திலிருந்து அவள் என் பொறுப்பு. இந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டது நாங்களேதான், யாரையும் நொந்துகொள்ள முடியாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் பெரியவர்கள் இல்லையா என்று கேட்பார்கள். குமணன்சாவடியில் இருக்கும் என் அம்மா இன்னும் வேலைக்குப் போகிறாள். அவன் அப்பாவும் வாட்ச்மேன் வேலையை விடவில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

வார விடுமுறையாவது சேர்ந்து வருமா என்றால் அதுவும் இல்லை. எனக்கு ஞாயிறு. ரயில் ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிறது என்பதால் அவனுக்குப் புதன்.

அண்ணனூர் ஸ்டேஷன் படிக்கட்டுக்குக் கீழே மகளைக் கைமாற்றிக்கொள்வோம். நான் ரயிலை விட்டு இறங்கி வருவேன். அவன் யூனிபார்மோடு மகளைப் பிடித்துக்கொண்டு நிற்பான். என்னைக் கண்டதும் அவள் பையைத் தன் தோளிலிருந்து கழற்றி என் தோளில் மாட்டுவான். "சாப்ட்டா. பருப்பு மட்டும் வேணாம்னு துப்பிட்டா. மூக்கு ஒழுவுது, காய்ச்சல் இல்ல. சாவி சைடு ஜிப்புல கீது." மகள் "டாட்டாப்பா" என்பாள். அவன் போய்விடுவான். என் ரயில் தாமதமான நாட்களில் ஒப்புவிப்பு பாதியோடு நின்றுவிடும், மீதி போனில் வரும்.

கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பு. அதனால்தான் எங்களுக்குள் வா, போ, அவன், இவன் எல்லாம். அவன் அப்பா எதிரில் மட்டும் "அவரு" என்பேன், அவன் திரும்பிக்கொண்டு சிரிப்பான். அப்போது ஆவடியில் வகுப்பு முடிந்ததும் அவனுக்கு ரயில், எனக்குப் பூந்தமல்லி பஸ். ரயிலை விட்டுவிட்டு என்னோடு பஸ்ஸில் ஏறுவான். குமணன்சாவடியில் நான் இறங்கியதும், எதிர்ப்பக்கம் போய் நின்று வந்த வழியே திரும்பிப் போவான். வழியெல்லாம் பேசுவோம். அப்படி என்ன பேசினோம் என்று இப்போது ஒன்றும் நினைவில்லை. ஸ்டாப் வந்தபோதெல்லாம் பேச்சு தீராமல் இருந்தது என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு ஏக்கம் அந்தப் பேச்சுக்குத்தான். சாவி எங்கே, சாப்பாடு ஆச்சா என்று இல்லாத, எதற்கும் உதவாத பேச்சு.

நெட்வொர்க்கில் சுவிட்சுகளைப் பார்க்கிற வேலை என்று அம்மாவிடம் சொன்னபோது, ஃபேன் போடுகிற சுவிட்ச் என்று நினைத்து, கரண்டில் கை வைக்காதே என்று அழுதாள். இது வேறு. சப்பையான ஒரு இரும்புப் பெட்டி. முகத்தில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளையிலும் ஒரு கேபிள், ஒவ்வொன்றுக்கும் மேலே கண் சிமிட்டும் குட்டி விளக்கு. ஒரு கம்ப்யூட்டர் அனுப்பும் செய்தியை எந்தத் துளை வழியாகச் சேர்க்க வேண்டும் என்று பார்த்து அனுப்புவது அதன் வேலை. யாருக்கு என்று தெரியாவிட்டால் எல்லாத் துளை வழியாகவும் கத்திவிடும். நம் ஆட்களைப் போலத்தான்.

இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே ஒரே கேபிள் இருந்து அது அறுந்தால் கதை முடிந்தது. அதனால் இரண்டு கேபிள் போடுவோம். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் அதைவிட மோசம். ஒரு வழியில் கத்தி அனுப்பியது மறு வழியில் திரும்பி வரும். வந்ததை மறுபடி கத்தும். அதுவும் திரும்பி வரும். வெளியூர் போகிற செய்திகளுக்காவது ஆயுளைக் குறித்து அனுப்புவார்கள், வழியில் இருக்கிற ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும், தீர்ந்ததும் செய்தி செத்துப்போகும். ஒரு கட்டடத்துக்குள் சுவிட்சுகளிடையே திரிகிற செய்திக்கு அந்த ஆயுள் கணக்கு கிடையாது. சாகாமல் சுற்றும், சுற்றச் சுற்றப் பெருகும், கடைசியில் வேறு எந்தச் செய்திக்கும் இடமில்லாமல் அடைத்துக்கொள்ளும். இதற்குத்தான் லூப் என்று பெயர்.

லூப் வராமல் இருக்க சுவிட்சுகள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளும். ஸ்பானிங் ட்ரீ என்பார்கள். தலைமைக்கு ஒரு சுவிட்சைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அதனிடம் போக ஒரே ஒரு வழியைத் திறந்து வைத்து, மற்றதை மூடிவிடும். மூடிய வழி செத்துக் கிடக்காது. பேசாது, ஆனால் காது கொடுத்துக்கொண்டே இருக்கும். மறுமுனையிலிருந்து நொடிக்கு நொடி 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று தகவல் வரும். அது வருகிறவரை இது வாயைத் திறக்காது. திறந்திருந்த வழிக்கு ஏதாவது ஆனால் மட்டும், கொஞ்ச நேரம் நிலவரம் பார்த்துவிட்டு, தான் திறந்துகொள்ளும்.

இதை ஒரு நாள் அவனிடம் சொன்னேன். "அப்போ நம்ம ஊடு கரெக்டாத்தான் ஓடினு கீது. நீ தொறந்தா நான் மூடிக்கிறேன், நான் தொறந்தா நீ மூடிக்கிற. லூப்பே வராது பாரு" என்றான். அவனுக்குச் சிரிப்பு. எனக்குச் சுருக்கென்றது. எங்கள் போனை எடுத்துப் பார்த்தால் தெரியும். ஏறிட்டேன். ம். ஆச்சு. தூங்கிட்டா. ம். இரண்டு பேரும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று தெரிவிக்கும் தகவல்கள், மேலே கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தாலும் வேறொன்றும் அதில் இருக்காது.

சென்ற ஆயுத பூஜைக்குத்தான் எங்களுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. அவன் பணிமனையில் வருடத்தில் அந்த ஒரு நாள் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். ரயில் பெட்டிகளுக்கு மாவிலையும் வாழைக்கன்றும் கட்டி, சந்தனம் வைத்து நிறுத்தியிருப்பார்கள். மதியத்திலிருந்து நான்கு மணி வரை பிள்ளைகள் ஏறி இறங்கலாம். அதற்கப்புறம் அவனுக்கு அன்று ஷிப்ட் கிடையாது. என் தொழிற்சாலையிலும் அன்று காலையில் கொஞ்சம் வேலை, பிறகு பூஜை, பிறகு வீடு. பதினொரு மணிக்குக் கிளம்பினால் பொழுது சாய்கிறவரை மூன்று பேரும் ஒன்றாக இருக்கலாம். வேறொன்றும் வேண்டாம், ஒரே ஒரு மத்தியானம். ஒரு மாதமாக அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தின வருடத் தீபாவளிக்கு அவன் வாங்கித் தந்த மாம்பழக் கலர் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். அதை நான் கட்டி அவன் பார்த்ததில்லை.

புடவையோடு வந்த என்னை பேக்கிங் பிரிவுப் பெண்கள் சும்மா விடுவார்களா. "இன்னாமா, பொண்ணு பாக்க வராங்களா?" என்று ஆரம்பித்தார்கள். அவர்களில் மூத்த அக்கா ஒருத்தி என் தலையில் இரண்டு முழம் பூவை வைத்துவிட்டுத் துடைக்கப் போனாள். அன்று எல்லோர் கையிலும் ஈரத் துணி. மெஷின், மேஜை, கீபோர்டு, தராசு, டிராலி என்று கண்ணில் பட்டதையெல்லாம் துடைத்தார்கள். துடைத்ததற்கெல்லாம் சந்தனம், குங்குமம். பெரிய சுவிட்சுகளை அடுக்கி வைத்திருக்கிற என் ரேக் அறையைக்கூட விடவில்லை. கேபிள்களில் மார்க்கரால் நான் எழுதி வைத்திருந்த பிரிவுப் பெயர்கள் எல்லாம் அந்தச் சுத்தத்தோடு போயே போய்விட்டன. அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பத்து மணி வாக்கில் எல்லாம் ஒரேயடியாக நின்றது. கம்ப்யூட்டர்கள் விறைத்தன, லேபிள் அடிக்கும் பிரிண்டர்கள் ஊமையாகிவிட்டன. பேக்கிங் பெண்களில் ஒருத்தி ஓடிவந்தாள். "அக்கா, வந்து பாரேன்! பொட்டியில லைட்டு அல்லாம் ஒண்ணா அடிச்சிகினு கீது. சாமி வந்துட்ச்சா இன்னா?" அவள் சொன்னது சரிதான். சாதாரணமாக இந்த விளக்குகள் தனித்தனியாக, அவரவர் இஷ்டத்துக்குச் சிமிட்டும். அன்று எல்லாம் ஒரே தாளத்தில் வெறி பிடித்து அடித்தன. சந்தனப் பொட்டும் பூவுமாக அந்தப் பெட்டியைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் புரிந்துவிட்டது. எங்கேயோ லூப்.

சரக்கை பேக்கிங் செய்து அனுப்புகிற டிஸ்பாட்ச் பிரிவின் மேலாளர் மூச்சிரைக்க வந்தார். "லேபிள் இல்லாம லோடு போகாதும்மா. லோடு போனாத்தான் பூஜை. பூஜை ஆனாத்தான் எல்லாருக்கும் வீடு. எல்லாம் உன் கையிலதான் இருக்கு" என்றார். எனக்குத் தெரியாதா. அங்கிருந்த அத்தனை பேரிலும் அன்று வீட்டுக்குப் போக என்னைப் போலத் துடித்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இப்படி வந்தால் செய்வது ஒன்றுதான். ரேக் அறையிலிருந்து ஒவ்வொரு பிரிவுக்கும் போகிற கேபிளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது விளக்குகள் அடங்குகின்றனவோ, கோளாறு அந்தப் பக்கம். பெயர்கள் அழிந்திருந்ததால் எது எந்தப் பிரிவு என்று தெரியாமல் குருட்டாம்போக்கில் பிடுங்கினேன். மூன்றாவதைப் பிடுங்கியதும் எல்லாம் பட்டென்று அடங்கியது. எனக்கு வந்த சந்தோஷத்தில் போனை எடுத்து 'வரேன்' என்று அவனுக்கு அனுப்பினேன். அனுப்பிய விரலை எடுப்பதற்குள் என்று சொல்லலாம், கொஞ்ச நேரத்தில் விளக்குகள் மறுபடியும் ஆட ஆரம்பித்தன.

சரி, அது இல்லை, தற்செயலாக அடங்கியிருக்கிறது என்று நினைத்து அந்தக் கேபிளைத் திரும்பச் சொருகிவிட்டு அடுத்ததற்குப் போனேன். அடுத்தது, அதற்கடுத்தது. எதிலும் அடங்கவில்லை. மாடிக்கு ஓடினேன். பெயிண்ட் பிரிவில் மேஜைக்கு அடியில் புகுந்தேன், புடவையில் கிரீஸ். யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். கேன்டீன் ஆள் சுண்டல் வேண்டுமா என்று கேட்டதற்கு அவரிடமும் கத்தினேன். பாவம், அவர் சுண்டலோடு அப்படியே பின்வாங்கிவிட்டார். நல்ல நேரம் தாண்டிப்போகிறது என்று பூஜை சாமான்களோடு உட்கார்ந்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். வாசலில் உடைக்க வைத்திருந்த பூசணிக்காய் என்னையே பார்த்துக்கொண்டிருப்பது போலத் தோன்றியது. மதியம் ஒன்று தாண்டியது. இரண்டும் ஆனது.

அப்போது அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'உள்ள உட்டுட்டாங்க. பாப்பா கேட்டுகினே கீது. நீ வர்லன்னாலும் பரவால்ல, நான் பாத்துக்கறேன்.'

அந்தப் 'பரவால்ல'வைப் படித்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். எப்போதும் இப்படித்தான். நான் வராவிட்டால் அவன் பார்த்துக்கொள்வான், அவன் வராவிட்டால் நான் பார்த்துக்கொள்வேன், வேலை எதுவும் நின்றதே இல்லை. யாராவது ஒருவர் ஒரு நாளாவது, 'பரவாயில்லை' என்று சொல்லாமல், 'நீ வந்தே ஆகணும்' என்று சொல்லக் கூடாதா? ரேக் அறைத் தரையில் உட்கார்ந்து கோபத்தோடு அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். நீ வராவிட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வராவிட்டால் நான்.

சட்டென்று உறைத்தது. மூன்றாவது கேபிள். அதைப் பிடுங்கியபோது அடங்கியது உண்மையான அடக்கம்தான். லூப் அந்தப் பிரிவில்தான் இருந்திருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவுக்கு இன்னொரு கேபிளும் போகிறது, மூடி வைத்த வழி. முதல் வழி போய்விட்டது என்று தெரிந்ததும், கொஞ்ச நேரம் நிலவரம் பார்த்துவிட்டு, அது தன் கடமையைச் செய்ய ஒழுங்காகத் திறந்துகொண்டது. அங்கே சுழன்றுகொண்டிருந்ததெல்லாம் அதன் வழியாக மறுபடி இங்கே கொட்டியிருக்கிறது. யார் மேல் தப்பு சொல்வது? அந்தக் கேபிள் அதற்காகத்தான் அங்கே இருக்கிறது. மூன்றாவதைப் பிடுங்கியே வைத்துக்கொண்டு, மற்றதை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்து அதன் ஜோடியைப் பிடித்தேன். விளக்குகள் அடங்கின. இந்த முறை போனை எடுக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடங்கியே இருந்தன.

எல்லாப் பிரிவுக்கும் உயிர் வந்தது, டிஸ்பாட்ச்சைத் தவிர. அப்போ அங்கேதான். ஓடினேன். பேக்கிங் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தால், நாலைந்து கம்ப்யூட்டர்களை இணைக்கிற கையடக்கமான ஒரு சின்ன சுவிட்ச். பளபளவென்று துடைத்து, பொட்டு வைத்து, பூ வைத்து உட்கார வைத்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு கேபிள் கிளம்பி, அழகாகச் சுருட்டப்பட்டு, பூக்கட்டும் நாரால் கட்டப்பட்டு, அதே சுவிட்சின் இன்னொரு துளையில் போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டு முனையும் அதே பெட்டியில். இந்த மாதிரிச் சின்னப் பெட்டிக்கு ஸ்பானிங் ட்ரீயும் தெரியாது ஒன்றும் தெரியாது. மேலே இருக்கிற பெரிய சுவிட்ச் கண்டுபிடித்து மூடியிருக்க வேண்டும். ஆனால், கம்ப்யூட்டரைப் போட்டதும் லைன் கிடைக்க நேரமாகிறது என்று டிஸ்பாட்ச்காரர்கள் நச்சரித்ததால், எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் அந்தத் துளைக்கு மட்டும் ஸ்பானிங் ட்ரீ காவலை எடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"யாரு இதைச் சொருகினது?" என்று கத்தினேன்.

எனக்குப் பூ வைத்துவிட்ட அக்காதான் முன்னால் வந்தாள். "நான்தான்மா. ஒரு பக்கம் மாட்டிகினு இன்னொரு பக்கம் வாலாட்டம் தொங்கினு இருந்திச்சி. பூஜை அதுவுமா மூளியா தொங்குதேன்னு மனசு கேக்கல. பக்கத்துலயே ஒரு வாய் காலியா கீதே, அதுல சொருவினேன். ஏன், இன்னா ஆச்சு?"

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவள் கையில் இன்னும் ஈரத் துணி இருந்தது. அந்தக் கேபிளுக்குக்கூட ஒரு பூ கட்டியிருந்தாள். நானே அவள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். நம் வீடுகளில் பூஜையன்று எதையும் அரைகுறையாகத் தொங்க விடமாட்டோமே. "ஒண்ணும் ஆகலக்கா" என்று சொல்லி ஒரு முனையை உருவினேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். கேபிளுக்காக யாராவது அழுவார்களா என்று அவள் மிரண்டுபோனாள்.

"ஊட்டுக்காரரு பாப்பாவோட காத்துகினு இருக்காருக்கா. நாலு மணியோட முடிஞ்சிரும்."

"அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? கெளம்பு, கெளம்பு" என்று அவள் என் கைப்பையைத் தேடினாள். ஆனால் லேபிள் சரியாக அடித்து லோடு கிளம்புகிறவரை மேலாளர் விடவில்லை. மறுபடி நின்றுவிட்டால் யாரைக் கேட்பது என்றார். லோடு போனதும், இத்தனை பாடுபட்ட நீதான் கற்பூரம் காட்ட வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். மரியாதைக்குச் செய்கிறார்கள், மாட்டேன் என்று சொல்ல முடியுமா. பூசணிக்காய் உடைந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. அக்கா பொரியும் சுண்டலும் கட்டிய பையை என் கையில் திணித்து, முதுகில் கை வைத்து வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்தாள்.

நான் அம்பத்தூர் ஸ்டேஷனில் படியேறும்போது ஒரு ரயில் கிளம்பிப் போனது. அடுத்ததற்காக நின்றபோது நாலு மணி ஆகிவிட்டது. இனி அவசரப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. பொரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். அலங்கரித்த ரயிலில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நாங்கள் இரண்டு பேர் என்று ஒரு மாதமாக மனதில் எத்தனை முறை உட்கார்ந்து பார்த்திருப்பேன். எங்கேயும் போகாமல் நிற்கிற ரயில், இறங்க வேண்டிய அவசரம் இல்லாத ரயில். அதில் அவனோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று இருந்தேன். சரி, ரயில்தான் போயிற்று, மாலை இருக்கிறதே, மூன்று பேரும் வீட்டுக்கு நடந்து போகலாமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படி நினைத்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது.

அண்ணனூரில் இறங்கிப் பணிமனை வாசலுக்கு நடந்தேன். எதிரே குடும்பம் குடும்பமாக வந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைகள் கையில் பலூன், நெற்றியில் குங்குமம். கேட்டை மூடியிருந்தார்கள். மரத்தடியில் அவன் நின்றிருந்தான். யூனிபார்ம் இல்லை, வெள்ளைச் சட்டை. வெளிச்சம் இருக்கிற நேரத்தில், வேலைக்குப் போகிற அவசரம் இல்லாத அவனை எத்தனை நாளைக்குப் பிறகு பார்க்கிறேன் என்று தோன்றியது. காதோரம் இரண்டு நரை வந்திருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. அவன் தோளில் தலை சாய்த்திருந்த மகள் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

ஓட்டமும் நடையுமாகப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அதற்குள் அவன் அவளைக் கீழே இறக்கிவிட்டான். பையைத் தன் தோளிலிருந்து கழற்றி என் தோளில் மாட்டினான். "சாப்ட்டா. கேசரி ரெண்டு தபா வாங்கினா. தண்ணி பாட்டில்ல பாதி கீது. சாவி சைடு ஜிப்புல" என்றான்.

நானும் "ம்" என்றேன்.

மகள் அவன் விரலை விட்டுவிட்டு என் விரலைப் பிடித்துக்கொண்டாள். அவனைப் பார்த்துக் கையாட்டினாள். "டாட்டாப்பா."

அவனும் கையாட்டிவிட்டுத் திரும்பி இரண்டடி நடந்தான். நடந்தவன் நின்றான். திரும்பிப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "நான் எங்க போறேன்? எனக்குத்தான் இன்னிக்கு டூட்டி இல்லியே." வந்து மறுபடி எங்கள் பக்கத்தில் நின்றான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு நொடி, அந்த ஆவடி பஸ்ஸில் சிரித்தது போலவே இருந்தது.

மகள் சிரிக்கவில்லை. அவனை அண்ணாந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எங்கோ ஏதோ சரியாக இல்லை என்பது போல நெற்றியைச் சுருக்கினாள். பிறகு என் விரலை விட்டாள். என் தோளில் இருந்த பையின் வாரைப் பிடித்து, அவனிடம் கொடுப்பதற்காகக் கீழே இழுத்தாள்.

"அப்போ நீ போறியாம்மா?"

அவள் குரலில் அழுகையும் இல்லை, அடமும் இல்லை. யாராவது ஒருவர் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. யார் என்பதைத்தான் தெரிந்துகொள்ளக் கேட்டாள்.